மலைப் பனியும் ஆற்றுத் தண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையில் பனியை அளப்பது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அதே சில சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. மாணவர்கள், பாசனத்தை நம்பியிருப்பவர்கள், நீர்த்துறைக்குப் புதிதாக வந்தவர்கள் என்று யார் கேட்டாலும் கேள்வி பெரிதாக மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வரும், சிக்கலானவை பின்னால் வரும். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், எந்தப் பதிலைப் பார்க்க வேண்டும் என்று எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் பனி என்றால் வானிலிருந்து விழுந்து மலைமேல் குவியும் பனி மட்டுமே.

1. எங்கோ மலை உச்சியில் விழுகிற பனிக்கும் கீழே இருக்கிற எங்கள் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்?

மழை பெய்தால் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி சில மணி நேரத்திலோ சில நாளிலோ ஆற்றுக்கு வந்துவிடும். பனி அப்படி உடனே வராது. குளிர்காலம் முழுக்க விழுந்த இடத்திலேயே கிடந்து, வெயில் ஏறிய பிறகு வாரக் கணக்கில், மாதக் கணக்கில் கசிந்து இறங்கும். மழை குறைந்து, பயிருக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் மாதங்களில் பல ஆறுகள் நிரம்பி ஓடுவது இதனால்தான்.

கலிபோர்னியா பயன்படுத்தும் தண்ணீரில் சராசரியாக 30 சதவீதம் மலைப் பனியிலிருந்து வருகிறது. கொலராடோ ஆற்றின் பெரும்பகுதி ராக்கி மலைப் பனிதான். சட்லெஜ் ஆறு பக்ரா அணைக்குக் கொண்டுவரும் தண்ணீரில் பாதிக்கு மேல் பனியும் பனியாறுகளும் உருகி வருவது. குளிர்காலத்தின் முடிவில் மேலே எவ்வளவு பனி கிடக்கிறது என்று தெரிந்தால், வரப்போகும் கோடையில் ஆறு எப்படி ஓடும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். மழையை மட்டும் நம்பும் ஆற்றுக்கு இந்த வசதி கிடையாது.

2. பனியும் பனியாறும் ஒன்றுதானே?

இல்லை. பருவப் பனி ஒரு குளிர்காலத்தில் விழுந்து அடுத்த கோடைக்குள் உருகிவிடும். ஆண்டுதோறும் உருகியது போக மிஞ்சிய பனி பல பத்தாண்டுகள், நூற்றாண்டுகளாக அழுந்திப் பனிக்கட்டியாகி, தன் எடையாலேயே மெல்ல நகரும்போது அது பனியாறு. பெரும்பாலான மலை ஆறுகளுக்குப் பருவப் பனி தரும் தண்ணீரே அதிகம். பனியாறு உதவுவது பருவப் பனி தீர்ந்த பிறகு, கோடையின் கடைசியிலும் வறண்ட ஆண்டுகளிலும். இரண்டையும் அளக்கும் முறைகள் வேறு. இங்கே பெரும்பாலும் பருவப் பனியைப் பற்றித்தான் பேசுகிறோம். பனியாறுகளுக்குக் கேள்வி 16 பாருங்கள்.

3. இத்தனை அடி பனி விழுந்தது என்று செய்தியில் சொல்கிறார்களே, அது போதாதா?

போதாது. குழப்பம் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரே உயரத்தில் ஒரு பஞ்சு மூட்டையும் ஒரு மணல் மூட்டையும் நின்றால் இரண்டின் எடையும் ஒன்றாகாது. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்று. அதன் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ இருக்கும். அதே பனி இரண்டு மூன்று மாதம் அழுந்திக் கிடந்தால் மூன்றில் ஒரு பங்கைத் தொடும். உருகத் தொடங்கிய பனி பாதி வரைகூடப் போகும்.

அதனால் நீர்க் கணக்குக்கு வேண்டியது பனிநீர் அளவு. அந்த இடத்துப் பனி முழுவதையும் அப்படியே உருக்கினால் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கும் என்பதுதான் அது. ஆழத்தை அடர்த்தியால் பெருக்கினால் கிடைக்கும். 1 மீட்டர் ஆழம், கன மீட்டருக்கு 300 கிலோ அடர்த்தி என்றால் 300 மில்லிமீட்டர் நீர். சதுர மீட்டருக்கு 300 லிட்டர், சதுர கிலோமீட்டருக்கு 30 கோடி லிட்டர்.

இன்னொன்றும் இருக்கிறது. புதுப் பனி விழாமலே, ஒரு சொட்டு உருகாமலே, பனியின் ஆழம் ஒரு வாரத்தில் கணிசமாகக் குறையும். அழுந்துவதால் வரும் குறைவு அது. தண்ணீர் எங்கும் போய்விடவில்லை. ஆழத்தை மட்டும் பார்த்தவர் பனி போய்விட்டதே என்று பதறுவார்.

4. பனிக்குள் இருக்கும் தண்ணீரைக் கையால் எப்படி எடை போடுகிறார்கள்?

உள்ளீடற்ற அலுமினியக் குழாய் ஒன்று, ஒரு சுருள்வில் தராசு. கருவி இவ்வளவுதான். குழாயின் நுனியில் ரம்பப் பல் போன்ற வெட்டு விளிம்பு இருக்கும். அதைப் பனிக்குள் நேராகச் செருகி, இறுகிய அடுக்குகள் வந்தால் திருகிக்கொண்டே தரை வரை இறக்குவார்கள். வெளியே எடுத்ததும் முதலில் நுனியைப் பார்ப்பார்கள். அங்கே கொஞ்சம் மண்ணோ புல்லோ ஒட்டியிருந்தால்தான் தரையைத் தொட்டதாக அர்த்தம். அந்த மண்ணைக் கத்தியால் சுரண்டிவிட்டு, குழாயோடு பனியை எடை போட்டு, வெறுங்குழாயின் எடையைக் கழிப்பார்கள். அமெரிக்காவில் பயன்படும் குழாயின் உள்விட்டம் 1.485 அங்குலம். அந்த விட்டத்தில் ஓர் அவுன்ஸ் எடை என்பது சரியாக ஓர் அங்குலத் தண்ணீர். விரல் மரத்துப்போகும் குளிரில் நின்று யாரும் பெருக்கல் போட வேண்டியதில்லை. இந்தச் சிறிய யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

ஒரு புள்ளியில் எடுத்தது போதாது. காற்று ஓரிடத்தில் குவிக்கும், இன்னோரிடத்தில் வாரிக்கொண்டு போகும். அதனால் குறித்துவைத்த கோட்டில் பத்துப் புள்ளிகள் போல எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். ஆண்டுதோறும் அதே கோடு, அதே புள்ளிகள்.

இந்த முறைக்கு வழிகாட்டியவர் ஜேம்ஸ் சர்ச். நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் கற்பித்த பேராசிரியர். 1900களின் தொடக்கத்தில் மவுண்ட் ரோஸ் மலையில் வானிலைக் கூடம் அமைத்து, இந்தக் குழாயை உருவாக்கினார். அப்போது டாஹோ ஏரியின் நீர்மட்டம் பற்றிக் கரையில் இருந்தவர்களுக்கும் கீழே தண்ணீர் எடுத்தவர்களுக்கும் இடையே பெரிய தகராறு. வசந்தத்தில் ஏரி எவ்வளவு உயரும் என்பதைப் பனியின் எடையை வைத்து அவர் முன்கூட்டியே சொல்லத் தொடங்கியதும், தகராறை எண்களை வைத்துப் பேச வழி பிறந்தது.

5. இந்தக் காலத்தில் போய் ஆள் ஏறி அளக்க வேண்டுமா? தானாக அளக்க முடியாதா?

முடியும். பல இடங்களில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. பனித் தலையணை என்று ஒரு கருவி உண்டு. சுமார் மூன்று மீட்டர் அகலத்தில் தட்டையான பை, உள்ளே உறையாத திரவம். அதன்மேல் பனி குவியக் குவியத் திரவத்தின் அழுத்தம் ஏறும். அழுத்தத்தை நீரின் அளவாக மாற்றிக்கொள்ளலாம். பக்கத்திலேயே ஒரு கம்பத்தில் ஒலி அலை அனுப்பி ஆழம் பார்க்கும் சென்சார், வெப்பமானி, மழைமானி எல்லாம் இருக்கும். அமெரிக்காவின் மேற்கு மலைகளிலும் அலாஸ்காவிலும் இப்படி 900-க்கு மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. இந்த வலையமைப்புக்கு ஸ்னோடெல் என்று பெயர். 1970களின் பிற்பகுதியில் அது தொடங்கியபோது மலையிலிருந்து தகவல் அனுப்ப எளிய வழி இல்லை. விண்கற்கள் வளிமண்டலத்தில் எரியும்போது விட்டுச்செல்லும் மின்னூட்டத் தடத்தில் ரேடியோ அலையை மோதவிட்டு, அது திரும்பி வருவதைப் பிடித்துத் தகவல் வாங்கினார்கள். பின்னர்தான் செல்பேசி, செயற்கைக்கோள் இணைப்புகள் வந்தன.

தானியங்கி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. பனிக்குள் கெட்டியான ஓர் அடுக்கு உருவானால் அது பாலம் போல எடையைப் பக்கத்துத் தரைக்குக் கடத்திவிடும். தலையணை குறைவாகக் காட்டும். அடுக்கு உடையும் நாளில் எண் திடீரென்று எகிறும். அன்று பெரிய பனிப்பொழிவு என்று எழுதிவிடுவார்கள் விவரம் தெரியாதவர்கள். இதைச் சரிபார்க்கத்தான் குழாயும் தராசும் எடுத்துக்கொண்டு ஆள் இன்னும் ஏறுகிறார்.

6. ஒரு மழைமானியை வைத்து, விழுகிற பனியை அதிலேயே பிடித்து உருக்கிப் பார்த்தால் என்ன?

விழுவது எல்லாம் மானிக்குள் விழாது என்பதுதான் பிரச்சினை. மழைத்துளி கனமானது, ஓரளவு நேராக இறங்கும். பனித்துகள் இலேசானது. மானியின் வாயைச் சுற்றிக் காற்று மேலே எழும்பும்போது துகளையும் தூக்கிக்கொண்டு போய்விடும். பலத்த காற்றில் உண்மையில் விழுந்ததில் பாதிக்கும் குறைவாக மானி காட்டுவது உண்டு. அதனால்தான் மானியைச் சுற்றித் தகடுகளாலோ இரட்டை வேலியாலோ காற்றுத் தடுப்பு வைக்கிறார்கள். காற்றின் வேகத்தையும் கூடவே அளந்து பின்னால் திருத்தம் செய்கிறார்கள். மலையின் மழைப்பதிவு எதைப் பார்த்தாலும், காற்றுத் தடுப்பு இருந்ததா என்று முதலில் கேளுங்கள்.

7. செயற்கைக்கோளில் எல்லாமே தெரிகிறதே, எதற்கு இத்தனை பாடு?

பனி எங்கே இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும். அதற்குள் எவ்வளவு தண்ணீர் என்பதுதான் தெரியாது. 1999-இல் ஏவப்பட்ட டெரா, 2002-இல் ஏவப்பட்ட அக்வா ஆகியவற்றில் இருக்கும் மோடிஸ் கருவி மேகமில்லாத நாளில் பனி மூடிய பரப்பை அழகாகக் காட்டும். ஆனால் மேலிருந்து பார்த்தால் பத்து சென்டிமீட்டரும் வெள்ளை, மூன்று மீட்டரும் வெள்ளை.

மைக்ரோவேவ் அலைகள் மேகத்தை ஊடுருவும், பனிக்குள்ளும் போகும். இயற்கையாகத் தரையிலிருந்து வரும் மைக்ரோவேவைப் பனி எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கும் முறையில் ஒரு படப்புள்ளி சுமார் 25 கிலோமீட்டர் அகலம். அதற்குள் ஒரு பள்ளத்தாக்கும் இரண்டு சிகரமும் அடங்கிவிடும். பனிநீர் 150, 200 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாமல் போய்விடும். மலையில் அது சாதாரண அளவு. புவியீர்ப்பு மாற்றத்தை வைத்து நீரின் மொத்த எடையைக் காணும் கிரேஸ் செயற்கைக்கோள்களுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பு வேண்டும். 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் போன்ற ராடார் செயற்கைக்கோள்கள்மேல் நம்பிக்கை இருக்கிறது. அவற்றுக்கும் தரையில் அளந்த எண் வேண்டும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

8. விமானத்தில் பறந்து அளக்கிறார்கள் என்கிறார்களே, அது என்ன?

பனி இல்லாத கோடையில் ஒருமுறை பறந்து லைடார் என்ற லேசர் கருவியால் தரையின் உயரத்தை அளந்துகொள்வார்கள். குளிர்காலத்தில் அதே பாதையில் மறுபடி பறப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பனியின் ஆழம். ஒரு புள்ளி, பத்துப் புள்ளி என்றில்லாமல் முழு நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் ஆழம் கிடைத்துவிடும். 2013-இல் நாசா இதைக் கலிபோர்னியாவின் டுவாலமி ஆற்றுப் பகுதியில் தொடங்கியது. இப்போதைக்கு இதைவிடத் துல்லியமான வழி இல்லை என்பது என் கருத்து.

செலவு அதிகம், அடிக்கடி பறக்க முடியாது. லேசர் தருவதும் ஆழம் மட்டுமே. அடர்த்திக்கு மறுபடி தரை அளவீடும் கணினி மாதிரியும் வேண்டும் (கேள்வி 3).

9. பனியை அளந்தால் போதுமே, வெயில், காற்று, ஈரப்பதம் எல்லாம் எதற்கு?

எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பனிநீர் அளவு சொல்லும். எப்போது வரும் என்பதை அது சொல்லாது. உருக வெப்பம் வேண்டும், அதுவும் நிறைய. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனியை அதே 0 டிகிரித் தண்ணீராக மாற்றச் செலவாகும் வெப்பத்தில், ஒரு கிலோ தண்ணீரை 0-லிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். அதற்கும் முன்னால் பனி முழுவதும், அடியிலிருந்து மேல் வரை, 0 டிகிரிக்கு வர வேண்டும். அதுவரை மேலே உருகும் நீர் உள்ளே இறங்கி மறுபடி உறையும்.

மலையில் இந்த வெப்பத்தில் பெரும்பகுதி நேரடி வெயிலிலிருந்து வருகிறது. புதுப் பனி வெயிலில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அழுக்கேறிய பனி பாதியைக்கூட அனுப்பாது. கொலராடோவின் சான் வான் மலைகளில், பக்கத்து வறண்ட நிலங்களிலிருந்து காற்று கொண்டுவரும் செந்தூசி படிந்த ஆண்டுகளில் பனி வாரக் கணக்கில் முன்னதாகவே தீர்ந்துவிடுகிறது. பனிநீர் அளவு அதேதான். தூசி மட்டும் வேறு. அதனால்தான் நல்ல நிலையத்தில் கீழே வரும் ஒளியையும் மேலே திரும்பும் ஒளியையும் தனித்தனியாக அளக்கும் கருவி இருக்கும்.

10. ஏப்ரல் 1, ஏப்ரல் 1 என்கிறார்களே, அந்தத் தேதியில் என்ன இருக்கிறது?

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் பனிநீர் உச்சத்தைத் தொட்டு இனி உருகத் தொடங்கும் சமயம் பெரும்பாலும் அதுதான். அதனால் நீண்ட காலமாக அன்றைய அளவே முன்னறிவிப்புக்கு அடிப்படை. 2015 ஏப்ரல் 1 அன்று கலிபோர்னியாவின் பனிநீர் சராசரியில் 5 சதவீதம். பனி ஆளுயரம் குவிந்திருக்க வேண்டிய அளவீட்டுப் புல்வெளியில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் காய்ந்த புல்மேல் நின்று தண்ணீர்க் கட்டுப்பாட்டை அறிவித்தார். எட்டே ஆண்டில், 2023-இல், அதே தேதியில் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கிடந்தது.

இந்தத் தேதி எல்லா மலைக்கும் பொருந்தாது. உயரமான, குளிரான இடங்களில் உச்சம் பின்னால் தள்ளிப்போகும். வெப்பம் கூடிவரும் இடங்களில் உச்சமே முன்னால் நகர்கிறது. அங்கே ஒரே தேதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஏற்கெனவே உருகிப்போனதை எண்ணத் தவறிவிடுவோம்.

11. பனி சுமாராக இருந்தது, ஆனால் ஆறு அதைவிட மோசம். அளந்தவர்கள் தப்பாக அளந்துவிட்டார்களா?

பெரும்பாலும் அளவு சரிதான். உருகிய தண்ணீர் வழியில் வேறு எங்கோ போயிருக்கும். 2021 நல்ல உதாரணம். கலிபோர்னியாவில் ஏப்ரல் 1 அன்று சராசரியில் சுமார் 60 சதவீதப் பனிநீர் இருந்தது. நீர்த்தேக்கங்களுக்கு வந்தது எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. முந்தைய ஆண்டு வறட்சியில் மண் காய்ந்து கிடந்தது, வசந்தம் வெப்பமாக இருந்தது. உருகிய நீரை முதலில் மண் குடித்தது, அப்புறம் மரம் குடித்தது, காற்று கொஞ்சம் எடுத்துக்கொண்டது. மிஞ்சியதுதான் ஆற்றுக்கு.

திரவமாகாமல் நேராக ஆவியாகும் பதங்கமாதலும் உண்டு. வறண்ட காற்று பலமாக வீசும் மேட்டில் இந்த இழப்பு கணிசமாக இருக்கும். இதனால்தான் பனி நிலையங்களில் இப்போது மண்ணுக்குள்ளும் ஈரப்பத சென்சார் புதைக்கிறார்கள். குளிர்காலம் தொடங்கும் முன் மண் எப்படி இருந்தது என்று தெரியாமல் அடுத்த கோடை ஆற்றைக் கணிப்பது ஆபத்தான வேலை.

12. 'சராசரியில் 300 சதவீதம் பனி' என்று மே மாதக் கடைசியில் செய்தி வந்தது. வெள்ளம் வருமா?

அவசியமில்லை. அந்தச் சதவீதம் அன்றைய தேதிக்கான சராசரியோடு ஒப்பிட்டது. மே கடைசியில் வழக்கமாக 20 மில்லிமீட்டர்தான் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு 60 இருந்தால் 300 சதவீதம் ஆகிவிடும். ஆனால் 60 மில்லிமீட்டர் பெரிய அளவு இல்லை. பருவத்தின் தொடக்கத்திலும் கடைசியிலும் சதவீதத்தை ஒதுக்கிவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள்.

எந்தச் சராசரி என்பதும் முக்கியம். இப்போது பரவலாக 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுச் சராசரியை எடுக்கிறார்கள். பனி குறைந்துவரும் மலையில் பத்தாண்டுக்கு ஒருமுறை சராசரியைப் புதுப்பிக்கும்போது அதுவும் தாழ்கிறது. தாத்தா காலத்தில் குறைவு என்று பதிவான ஆண்டு இன்று இயல்பான ஆண்டாகத் தெரியும்.

13. முன்னறிவிப்பில் ஏன் ஒரே எண்ணைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்?

இன்று தரையில் கிடக்கும் பனி தெரியும். இனிமேல் விழப்போவதும் அடிக்கப்போகும் வெயிலும் தெரியாது. அதனால் இன்றைய நிலையிலிருந்து தொடங்கி, கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளின் வானிலையை ஒவ்வொன்றாகக் கணினி மாதிரிக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். நாற்பது விடைகள் கிடைக்கும். அவற்றை வரிசைப்படுத்தி, இந்த அளவைத் தாண்ட 90 சதவீத வாய்ப்பு, அந்த அளவைத் தாண்ட 10 சதவீத வாய்ப்பு என்று சொல்வார்கள். குடிநீர் வழங்குபவர் 90 சதவீத எண்ணைப் பார்க்கலாம், வெள்ளத்துக்குப் பயப்படுபவர் 10 சதவீத எண்ணைப் பார்க்கலாம். ஜனவரியில் இந்த இடைவெளி விரிந்திருக்கும், பருவம் நகர நகரச் சுருங்கும்.

14. மொத்தத்தில் அதே அளவு விழுந்தால் சரி. அது மழையாக விழுந்தால் என்ன, பனியாக விழுந்தால் என்ன?

ஆண்டுக் கணக்கில் ஒன்றாகத் தெரியும், மாதக் கணக்கில் பெரிய வித்தியாசம். மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. அப்படியானால் காற்று 1 டிகிரி சூடானால் மழைக்கும் பனிக்கும் இடையிலான கோடு ஏறக்குறைய 150 மீட்டர் மேலே போய்விடும். அந்தப் பட்டையில் பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்து ஜனவரியிலேயே ஓடிவிடும். மழை வழக்கம்போல் பெய்தும் பனி மட்டும் குறைவதை வெப்பப் பனி வறட்சி என்பார்கள். மழையும் பனியும் இரண்டுமே குறைவது வேறு வகை.

கிடக்கும் பனிமேல் வெப்பமான மழை பெய்வது இன்னும் மோசம். பனி ஏற்கெனவே 0 டிகிரிக்கு வந்திருந்தால் மழைநீரும் உருகிய நீரும் சேர்ந்து ஒரே நாளில் இறங்கும். அணையைப் பொறுப்பேற்றவர் அப்போது எதிரெதிரான இரண்டு வேலைகளுக்கு நடுவில் நிற்கிறார்: வெள்ளத்துக்கு இடம் விட வேண்டும், கோடைக்குத் தண்ணீரும் சேமிக்க வேண்டும். மேலே பனி நிறைய இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் இப்போது தைரியமாகத் திறந்துவிடலாம். தெரியாவிட்டால் இரண்டில் ஒன்றைப் பணயம் வைக்க வேண்டியதுதான்.

15. இமயமலையில் இதெல்லாம் நடக்கிறதா?

நடக்கிறது, ஆனால் மலையின் அளவுக்குப் போதுமானதாக இல்லை. நிலையங்களில் பெரும்பாலானவை பள்ளத்தாக்குகளில் இருக்கின்றன, பனி அதிகம் விழுவதோ அதற்கு மேலே. சிந்து நதியின் மேற்பகுதியில் கீழ்நிலையங்களின் எண்களை மட்டும் வைத்துக் கூட்டியபோது, ஆற்றில் ஓடும் தண்ணீருக்கும் அங்கே நிலைத்திருக்கும் பனியாறுகளுக்கும் கணக்கு ஒத்துவரவில்லையே என்று ஆய்வாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உயரத்தில் விழுவது முன்பு நினைத்ததைவிடச் சில இடங்களில் பத்து மடங்கு வரை இருக்கலாம் என்று 2015-இல் வெளியான ஆய்வு சொன்னது.

ஆறுக்கு ஆறு நிலைமையும் வேறு. மேற்கே சிந்துவுக்குக் குளிர்கால மேற்கத்தியக் காற்றுகள் கொண்டுவரும் பனி உயிர்நாடி. கிழக்கே போகப் போகப் பருவமழையின் பங்கு கூடும். காட்மாண்டுவில் இயங்கும் மலைப்பகுதி ஆய்வு நிறுவனமான இசிமோட் 2025-இல் வெளியிட்ட கணிப்பின்படி, இந்து குஷ் இமயமலைப் பகுதியில் அந்தக் குளிர்காலத்தில் பனி தரையில் நீடித்த அளவு இயல்பைவிட 23.6 சதவீதம் குறைவு. அதுவரையிலான 23 ஆண்டுகளில் அதுவே மிகக் குறைவு. இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதியிலுள்ள சோட்டா சிக்ரி பனியாறு 2002 முதல் ஆண்டுதோறும் அளக்கப்படுகிறது. ஸ்பிட்டியில் 2016 முதல் ஹிமான்ஷ் ஆய்வு நிலையம் இருக்கிறது. எவரெஸ்டில் 8,810 மீட்டர் உயரத்தில் 2022-இல் ஒரு வானிலை நிலையம் வைத்தார்கள். இவை ஒவ்வொன்றும் கடும் உழைப்பால் வந்தவை. கோடிக்கணக்கானவர்களுக்குத் தண்ணீர் தரும் மலைத்தொடருக்கு இப்படி விரல்விட்டு எண்ணும் நிலையில் நீண்ட பதிவுகள் இருப்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

16. பனியாறு வேகமாக உருகினால் ஆற்றில் தண்ணீர் கூடத்தானே செய்யும்?

கொஞ்ச காலத்துக்குக் கூடும். பனியாறு சுருங்கச் சுருங்க, உருகுவதற்கான பரப்பே குறைந்து ஒரு கட்டத்துக்கு மேல் வரத்து இறங்கத் தொடங்கும். அந்தத் திருப்பத்தை உச்ச நீர் என்பார்கள். பெருவின் சான்டா ஆற்றில் அது கடந்துவிட்டது. இமயமலையின் பல ஆறுகளில் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

ஆற்றில் தண்ணீர் கூடியிருக்கும் ஆண்டுகளில் புதிய பாசனம், புதிய மின்நிலையம் என்று திட்டம் போட்டுவிட்டால் பின்னால் திரும்ப முடியாது. கூடுதல் தண்ணீர் பருவப் பனியால் வந்ததா, பனியாறு தன் பழைய சேமிப்பைக் கரைப்பதால் வந்ததா என்று தெரிய இரண்டையும் தனித்தனியே அளந்திருக்க வேண்டும் (கேள்வி 2).

17. எங்கள் பழைய பனி நிலையம் ஒதுக்குப்புறமாக இருக்கிறது. சாலையோரமாக மாற்றி, புதிய கருவியும் வைத்தால் நல்லதுதானே?

கருவி நல்லதாகும், பதிவு உடைந்துவிடும். நூறு மீட்டர் நகர்த்தினாலே காற்றும் நிழலும் மாறும். அதற்குப் பிறகு எண் குறைந்தால் காலநிலையால் குறைந்ததா, இடமாற்றத்தால் குறைந்ததா என்று பிரிக்க முடியாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழையதையும் புதியதையும் சில குளிர்காலங்கள் சேர்ந்தே ஓடவிடுங்கள். நிலையத்தை நகர்த்தாமலே பதிவு கெடுவதும் உண்டு. சுற்றி மரம் வளர்ந்தால் கிளை பனியைப் பிடித்துக்கொள்ளும். காட்டுத்தீயில் மரம் போனால் காற்றும் வெயிலும் கூடும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை நான்கு திசையிலும் படம் எடுத்துத் தேதியோடு வைத்திருங்கள்.

சுவிட்சர்லாந்தில் டாவோஸ் ஊருக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக்கில் 1936 முதல் ஒரே அளவீட்டுக் களத்தில் பனியை அளந்துவருகிறார்கள். அங்கே முதலில் பயன்பட்டவை மிக எளிய கருவிகள். ஆனால் உலகில் எந்தப் புதிய கருவியாலும் இனி 1936-க்குப் போய் அளந்துவர முடியாது.

18. ஒரே ஒரு நிலையத்துக்குத்தான் எங்களிடம் பணம் இருக்கிறது. மலையில் எந்த இடத்தில் வைப்பது?

உச்சியில் வைக்காதீர்கள்; காற்று பனியை வாரிவிடும். அடிவாரத்திலும் வேண்டாம், அங்கே பனி வந்து வந்து போகும், மேலே என்ன நடக்கிறது என்று சொல்லாது. உங்கள் நீர்ப்பிடிப்புப் பகுதியில் எந்த உயரப் பட்டையில் நிலப்பரப்பு அதிகம் என்று வரைபடத்தில் கணக்கிடுங்கள். குளிர்காலம் முழுக்கப் பனி நிற்கும் பட்டைகளில், பரப்பு அதிகமுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குள் காற்று தணிந்த, சரிவு இல்லாத, பனிச்சரிவுப் பாதையில் வராத ஒரு சிறு வெளி. மரத்தின் உயரத்துக்காவது மரங்கள் தள்ளியிருக்க வேண்டும். நடுக்குளிர்காலத்தில் பேட்டரி மாற்ற ஒருவர் பத்திரமாக வந்துபோகும் வழியும் வேண்டும்.

வைத்த பிறகு முதல் சில குளிர்காலங்களில், சுற்றியுள்ள சரிவுகளில் கேள்வி 4-இல் சொன்ன குழாயோடு நடந்து அளந்து பாருங்கள். உங்கள் ஒற்றைப் புள்ளி சுற்றுவட்டாரத்தைவிடக் கூடுதலாகக் காட்டுகிறதா, குறைவாகக் காட்டுகிறதா என்று அப்போதுதான் தெரியும். எப்போதும் கூடுதலாகக் காட்டினாலும் பரவாயில்லை. ஆண்டுதோறும் ஒரே விகிதத்தில் காட்டினால் திருத்திக்கொள்ளலாம்.

பணம் முழுவதையும் கருவியில் போட்டுவிடவும் வேண்டாம். பராமரிப்புக்கும் ஆள் சம்பளத்துக்கும் பல ஆண்டுகளுக்கு ஒதுக்குங்கள். கீழே ஆற்றில் நீரோட்டத்தை அளக்கும் மானி இல்லையென்றால் அதையும் அதே ஆண்டில் வையுங்கள். மேலே கிடந்த பனியையும் கீழே வந்த தண்ணீரையும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், இவ்வளவு பனிக்கு இவ்வளவு தண்ணீர் என்று உங்கள் ஆற்றுக்கு ஒரு கணக்குச் சொல்ல முடியும்.